மிசிசிப்பி பிறக்கும் ஏரிக்கரையில் இரண்டு இரவு: இட்டாஸ்கா மாநிலப் பூங்காவுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் இட்டாஸ்கா பூங்காவுக்குப் பலர் ஒரே ஒரு காரணத்துக்காகப் போகிறார்கள். மிசிசிப்பி ஆறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏரியிலிருந்து அது வெளியே வருகிற இடத்தில் முழங்கால் நனைய நடந்தே கடந்துவிடலாம். மினியாபொலிஸிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், கல் மேல் நடந்து, படம் எடுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை முடித்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்புகிற குடும்பங்கள் நிறைய உண்டு. அது நல்ல பயணம்தான். ஆனால் பூங்காவின் பெரும்பகுதி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. 32,000 ஏக்கருக்கு மேல் காடு, நூற்றுக்கும் அதிகமான ஏரிகள், இருநூற்றைம்பது வயதைத் தாண்டிய பைன் மரங்கள், ராத்திரியில் தண்ணீரின் மேல் கேட்கிற லூன் பறவையின் குரல் என்று எல்லாம் தங்கினால்தான் கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியை இரண்டு இரவுக்கு எழுதியிருக்கிறேன். மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

முதல் வேலை: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

கூடாரம் போட்டுத் தங்க ஏற்ற காலம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. ஜூனில் பகல் மிக நீளம். இரவு ஒன்பதரைக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். மாநில மலரான ஷோயி லேடிஸ் ஸ்லிப்பர் என்ற ஆர்கிட் ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை ஈரமான சாலையோரங்களில் பூக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ அது. விதையிலிருந்து முளைத்த ஒரு செடி முதல்முறை பூக்கப் பதினாறு ஆண்டுகள் வரை ஆகலாம். பறிப்பது சட்டப்படி குற்றம். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். அதே ஜூனில்தான் கொசுவும் உண்ணியும் உச்சத்தில் இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் ஏரியில் இறங்கிக் குளிக்கலாம். கூட்டமும் அப்போதுதான். என்னைக் கேட்டால் லேபர் டே விடுமுறை முடிந்த பிறகு வருகிற செப்டம்பர் வாரங்கள்தான் மிகச் சிறந்தவை. கொசு குறைந்திருக்கும், பாதைகள் காலியாக இருக்கும், மாதக் கடைசியில் மேப்பிளும் ஆஸ்பெனும் நிறம் மாறும். ஆனால் ராத்திரிக் குளிர் பூஜ்யம் டிகிரி வரைக்கும் இறங்கக்கூடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் செப்டம்பர் சரிப்படாது. அவர்களுக்கு ஆகஸ்ட் மாதத்து வாரநாட்கள் நல்லவை.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது போகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். ஜூலையில்கூட விடியற்காலை நன்றாகவே குளிரும். தரையில் படுத்து எழுவது எழுபது வயதுக்காரருக்குக் கஷ்டம். பூங்காவுக்குள்ளேயே 1905ல் மரக்கட்டைகளால் கட்டிய டக்ளஸ் லாட்ஜ் இருக்கிறது, தனி கேபின்களும் உண்டு. பெரியவர்களுக்கு அங்கே அறை, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூடாரம் என்று பிரித்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

இடம் பிடிப்பது

மினசோட்டா மாநிலப் பூங்காக்களில் தங்கும் இடத்தை, வந்து சேரும் நாளுக்கு 120 நாள் முன்பிருந்தே இணையத்தில் பதிவு செய்யலாம். ஜூலை 4 விடுமுறைக்கு வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். கோடைக்கால வெள்ளி, சனி இரவுகள் சீக்கிரம் போய்விடும். கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ரத்தாகும் இடங்கள் அவ்வப்போது திரும்ப வரும், அன்றைய தினத்துக்கே கூடப் பதிவு செய்யலாம்.

தங்குமிடப் பகுதிகள் முக்கியமாக இரண்டு. பேர் பா என்பது இட்டாஸ்கா ஏரிக்கரையிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் சாமானைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போகும் கூடார இடங்கள் சில அங்கே உண்டு. தண்ணீருக்குப் பக்கத்தில் தூங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் அவற்றைத்தான் தேட வேண்டும். பைன் ரிட்ஜ் கொஞ்சம் உள்ளே தள்ளி, பெரியது. மோட்டார் வீட்டோடு வருகிறவர்களுக்கு ஏற்றது. இரண்டிலும் கழிப்பறையும் வெந்நீர்க் குளியலறையும் இருக்கின்றன. இவை தவிர, மூட்டையை முதுகில் சுமந்து நடந்தே போய்ச் சேர வேண்டிய பதினொரு இடங்கள் காட்டுக்குள் உண்டு. முதல்தடவை கேம்பிங் போகிறவர்கள் அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து போவது நம்மவர்கள் வழக்கம். அப்படியானால் கவனிக்க வேண்டியது: ஒரு இடத்தில் ஆறு பேர், அல்லது ஒரே குடும்பம், அவ்வளவுதான் அனுமதி. அடுத்தடுத்த இடங்களாகப் பதிவு செய்யுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணி வரை அமைதி நேரம். அந்தாக்ஷரியை ஒன்பதே முக்காலுக்கு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். கூடாரத் துணிக்குச் சத்தத்தைத் தடுக்கும் சக்தி கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கிறவர் லூன் கூவுவதைக் கேட்பதற்காகவே வெகுதூரத்திலிருந்து வந்திருக்கலாம்.

போய்ச் சேர்வது

மினியாபொலிஸிலிருந்து 220 மைல் அளவில் வரும். 94ஆம் நெடுஞ்சாலையில் கிளம்பி, 10க்கு மாறி, வாடினா என்ற ஊரில் 71ஐப் பிடித்து வடக்கே போனால் பார்க் ராப்பிட்ஸ் வரும். அங்கிருந்து இன்னும் 20 மைல். பெட்ரோல், ஐஸ், பால், மறந்துபோன தீப்பெட்டி எல்லாவற்றையும் பார்க் ராப்பிட்ஸிலேயே வாங்கிவிடுங்கள். காட்டுக்குள் போன பிறகு கைபேசி சிக்னல் வரும் போகும். பூங்காவின் வரைபடத்தையும் பதிவுச் சீட்டையும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளுக்கும் வாங்கலாம், ஒரு வருடத்துக்கும் வாங்கலாம். வருடச் சீட்டு மாநிலத்தின் எல்லா மாநிலப் பூங்காக்களுக்கும் செல்லும். வருடத்தில் அடிக்கடி எங்காவது போகிற குடும்பத்துக்கு அதுவே லாபம். தங்கும் கட்டணம் இதற்கு மேல் தனி.

மூட்டை கட்டுவது, சமைப்பது

வாடகைக்கு எடுத்தாலும் சரி, வாங்கினாலும் சரி, கூடாரத்தை வீட்டுப் பின்புறத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேலே போர்த்தும் மழைத்துணி இருக்கிறதா, ஆணிகள் முழுதாக இருக்கின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும். உள்ளே படுக்கத் தரைமெத்தை அவசியம். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் ஏறும். போர்வை மட்டும் போதாது; பூஜ்யம் டிகிரி வரை தாங்கும் தூக்கப்பை வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, மழைச்சட்டை, நனைந்தாலும் கழலாத காலணி ஒரு ஜோடி, இரண்டாவது ஜோடி சாக்ஸ், இவற்றை விட்டுவிடாதீர்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. விறகுக்குள் ஒளிந்து பயணம் செய்யும் மரப்பூச்சிகளால் மினசோட்டாவின் ஆஷ் மரங்கள் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கின்றன. பூங்காவில் விற்கிற விறகையோ, அங்கீகாரம் பெற்ற உள்ளூர்க் கடை விறகையோ வாங்க வேண்டும். கீழே கிடக்கும் சுள்ளிகளையும் பொறுக்கக் கூடாது, அவை மக்கி அந்த மண்ணுக்கே உரமாக வேண்டியவை.

சமையலுக்கு ஒரு சிறிய கேஸ் அடுப்பு போதும். முதல் நாள் ராத்திரிக்குப் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று வீட்டிலேயே செய்து கொண்டுபோனால், கூடாரம் போடும் அவசரத்தில் அடுப்பைத் தொட வேண்டியதில்லை. மறுநாள் காலைக்கு ரவையை வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் தாளித்துக் கலந்து ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் பத்து நிமிஷத்தில் உப்புமா. தோசை மாவை ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சோளக்கதிரைத் தோலோடு தணலில் புதைத்துச் சுட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் மார்ஷ்மெல்லோவை மறந்துவிடுவார்கள்.

இந்தக் காட்டில் கருங்கரடிகள் இருக்கின்றன. மனிதரைக் கண்டால் விலகிப்போகிற பிராணி அது. ஆனால் சாப்பாட்டு வாசனைக்கு வந்து பழகிவிட்டால் கடைசியில் கரடியின் உயிருக்கே ஆபத்து. சாப்பாடு, எண்ணெய், குப்பை, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் தூங்கப் போகும் முன் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டுங்கள். கூடாரத்துக்குள் முறுக்குப் பொட்டலம்கூட இருக்கக் கூடாது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஏரியிலோ புதரிலோ ஊற்றாமல் அதற்கென்று ஒதுக்கிய தொட்டியில் ஊற்றுங்கள்.

முதல் மாலை

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும், இதற்கு விலக்கே இல்லை. இடத்துக்குப் போனதும் முதலில் மேலே பாருங்கள். காய்ந்த கிளை எதுவும் தொங்கினால் அதன் கீழே கூடாரம் போடக் கூடாது. பள்ளமான இடத்தைத் தவிர்த்து, கொஞ்சம் மேடாகவும் சமமாகவும் உள்ள தரையைத் தேர்ந்தெடுங்கள். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் ஓரத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை அதுவே பிடித்து அடியில் சேர்த்துவிடும். அதனால் அதை உள்ளே மடித்துவிட வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் தூங்கிவிடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போங்கள். நகரத்து வெளிச்சம் எட்டாத இடம் அது. மேகமில்லாத இரவில் பால்வெளி தெளிவாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும், அதற்குள் போனைத் திறக்காமல் இருந்தால் போதும்.

விடியற்காலையில் ஆறு பிறக்கும் இடம்

ஏரியின் வடக்கு முனையில், மேரி கிப்ஸ் பெயர் தாங்கிய மையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். பாதை சமமானது, சக்கர நாற்காலியும் போகும். பத்து மணிக்கு மேல் அந்த இடம் திருவிழா மாதிரி ஆகிவிடும். ஏழு மணிக்குப் போனால் தண்ணீர் கற்களுக்கு இடையில் நழுவுகிற சத்தமும் பறவைகளும்தான்.

சுமார் இருபது அடி அகலம், முழங்கால் ஆழம். பக்கத்தில் நட்டிருக்கும் மரத்தூணில், கடல்மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் கிளம்பும் ஆறு மெக்சிகோ வளைகுடா வரை 2,552 மைல் போகிறது என்று செதுக்கியிருக்கிறார்கள். வளைந்து வளைந்து தன் பாதையை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆறு என்பதால் வேறு அளவீடுகள் வேறு எண்ணைச் சொல்லும். ஒரு துளி நீர் இங்கிருந்து கடலுக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 90 நாள் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். தெற்கே கடலை நோக்கிப் போக வேண்டிய ஆறு, இங்கே முதலில் வடக்குப் பார்த்து ஓடுகிறது. பெமிட்ஜி ஊர்வரை போய்க் கிழக்கே திரும்பி, அப்புறம்தான் தெற்கே இறங்கும்.

கற்களின் மேல் பாசி படிந்து வழுக்கும். கல் மேல் தாவுவதைவிடப் பக்கத்தில் மணலில் இறங்கித் தண்ணீருக்குள் நடப்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பு. இந்தக் கல்வரிசை இயற்கையானது அல்ல. 1930களில், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய இயற்கைப் பாதுகாப்புப் படையினர் சதுப்பாகக் கிடந்த ஆற்றின் வாயைச் சீர்செய்து இப்படி அமைத்தார்கள். பூங்காவின் பல மரக்கட்டடங்களும் அவர்கள் கைவேலைதான்.

இந்தப் பகுதியின் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களுக்கு இந்த ஏரி தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தது. 1832ல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற ஆய்வுப் பயணி இங்கே வந்தது ஒசாவிந்திப் என்ற ஒஜிப்வே தலைவர் வழிகாட்டியதால்தான். பாடப்புத்தகங்கள் ஸ்கூல்கிராஃப்ட் கண்டுபிடித்ததாகச் சொல்லும். அழைத்துவந்தவரின் பெயரையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஏரியின் வடபகுதியில் பழங்குடி மக்களின் பழைய இடுகாட்டு மேடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஏறாமல், பாதையிலேயே நின்று பார்க்க வேண்டும்.

ஏரியில் இறங்குவது

இட்டாஸ்கா ஏரி சுமார் 1,100 ஏக்கர். மேலே ஒன்று, கீழே இரண்டு என மூன்று கைகள் நீண்ட வடிவம். கரை வளைந்து வளைந்து போவதால் பரப்பைக் காட்டிலும் பெரியதாகத் தோன்றும். கிழக்குக் கரையில் கனூ, கயாக், மோட்டார் படகு, சைக்கிள் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கோடைக்கால வார இறுதியில் காலையிலேயே போய்விடுங்கள். சொந்தக் கயாக் கொண்டுபோகிறவர்கள், அது பத்து அடிக்கு மேல் நீளமானால் மாநிலப் பதிவு வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு பேர் கனூவில் போவதுதான் இந்த ஏரிக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். மோட்டார் சத்தம் இல்லை, அவசரமும் இல்லை. துடுப்பே பிடித்ததில்லை என்றாலும் கற்றுக்கொள்ளலாம். ஏறும்போது குனிந்து, இரண்டு பக்க விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு, காலைப் படகின் நடுக்கோட்டில் வையுங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் படகைப் பிடித்திருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் தாளத்தைத் தீர்மானிப்பார், பின்னால் இருப்பவர் திசையை. இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்தில் துடுப்புப் போட வேண்டும். கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுத்தால் தோள் வலிக்காது. எந்தக் காரணத்துக்காகவும் எழுந்து நிற்காதீர்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப்போகக் கூடாது. படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருங்கள்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று படகில் இருந்தாக வேண்டும், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் போட்டே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சட்டத்துக்காக அல்லாமல் எல்லாருமே போட்டுக்கொள்ளுங்கள். நம்மில் நீச்சல் தெரியாமல் வளர்ந்தவர்கள் அதிகம். இந்த ஏரிகளில் ஏப்ரல் வரைக்கும் பனிக்கட்டி மூடியிருக்கும். மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் விழுந்தால் குளிரில் மூச்சே ஒரு கணம் நின்றுபோகும். நன்றாக நீந்துகிறவரும் தடுமாறிவிடுவார். ஜாக்கெட்டைக் காலுக்கடியில் போட்டு வைத்தால் அந்த நேரத்தில் எடுத்து மாட்ட முடியாது.

காற்று பொதுவாக மத்தியானத்துக்கு மேல் எழும். காலை ஆறரைக்கும் பத்தரைக்கும் நடுவில் ஏரி மிகவும் அமைதி. கரையை ஒட்டியே போங்கள், நாணல், அல்லி, ஆமை, மீன்கொத்தி எல்லாம் இருப்பது அங்கேதான். போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளும்படி வழியைத் திட்டமிட்டால் பாதி கஷ்டம் குறையும். ஏரியின் நடுப்பகுதியில் இருக்கும் சிறிய தீவுக்கு ஸ்கூல்கிராஃப்டின் பெயர். இடி முழக்கம் காதில் விழுந்ததும் கரைக்கு வந்துவிட வேண்டும், மழை தொடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றிலேயே கனூவில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: ஆழம் குறைவு, விழுந்த மரங்களும் பீவர் என்ற நீர்விலங்கு கட்டிய அணைகளும் குறுக்கிடும், பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றதல்ல.

மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மினசோட்டாவில் குடியிருப்பவர்கள், முழுவதும் மாநிலப் பூங்காவுக்குள்ளேயே அடங்கிய ஏரியில் உரிமம் இல்லாமல் தூண்டில் போடலாம், படகிலிருந்தும்கூட. இட்டாஸ்கா ஏரி அப்படிப்பட்டது. வெளிமாநிலத்தவருக்குப் பதினாறு வயது முதல் உரிமம் வேண்டும். வாலாய், நார்தர்ன் பைக் என்ற இரண்டு மீன்களும் கிடைக்கும். தூண்டிலில் ஈயக் குண்டு கட்டாதீர்கள். காரணம் லூன்.

லூன் மினசோட்டாவின் மாநிலப் பறவை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, கோடையில் சிவந்த கண். பெரும்பாலான பறவைகளுக்குப் பல எலும்புகள் உள்ளீடற்று இருக்கும். இதற்குப் பல எலும்புகள் கெட்டியானவை, அதனால் சட்டென்று மூழ்கி மீனைத் துரத்த முடிகிறது. கால்கள் உடம்பின் கடைசியில் இருப்பதால் தரையில் நடப்பது பெரும்பாடு. கூடு கட்டத்தான் கரைக்கு வரும், அதுவும் தண்ணீர் ஓரத்திலேயே. குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதை ஜூன், ஜூலையில் பார்க்கலாம். இரையை அரைக்கப் பொடிக்கற்களை விழுங்கும் பழக்கத்தால் சின்ன ஈயக் குண்டு ஒன்றும் வயிற்றுக்குப் போய்விடுகிறது. அந்த ஒன்றே அதைக் கொல்லப் போதும். நீண்ட ஊளை மாதிரிக் கேட்டால் ஒன்றையொன்று கூப்பிடுகிறது என்று அர்த்தம். நடுங்கி நடுங்கிச் சிரிப்பது போல் கேட்டால் பயந்திருக்கிறது, நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். உடனே துடுப்பைப் பின்னுக்குப் போட்டு விலகுங்கள். டிரோன் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். மாநிலப் பூங்காக்களில் அதற்கு அனுமதி இல்லை.

பைன் காடு

ஆறும் ஏரியும் முடிந்ததும் மிச்ச நேரத்தைக் காட்டுக்கு ஒதுக்குங்கள். டக்ளஸ் லாட்ஜ் பக்கத்திலிருந்து பேர் பா வரை கரையோரமாகப் போகும் பிரவர் பாதை இரண்டு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். ஏற்ற இறக்கம் குறைவு. வழியில் பிரீச்சர்ஸ் குரோவ் என்ற செம்பைன் தோப்பு வரும். அங்கே இருக்கும் மரங்களின் வயது இருநூற்றைம்பதுக்கு மேல். செதில் செதிலாகச் சிவந்த பட்டை, கிளையே இல்லாமல் நேராக ஏறிப்போகும் தண்டு. அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கே சும்மா உட்காருங்கள்.

இந்த மரங்கள் தப்பித்த கதை தெரிந்தால் பார்வையே மாறும். 1888ல், மிசிசிப்பியின் உண்மையான தொடக்கம் எது என்ற தகராறைத் தீர்க்க நில அளவையாளர் ஜேக்கப் பிரவர் இங்கே வந்தார். சுற்றிலும் காட்டை வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இதைப் பூங்காவாக்க வேண்டும் என்று போராடினார். 1891ல் சட்டமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா இதுதான். பெயருக்குப் பூங்காவானாலும் நிலத்தின் பெரும்பகுதி மரக் கம்பெனிகளிடமே இருந்தது, வாங்க அரசிடம் பணமில்லை. 1903ல், பொறுப்பிலிருந்த தந்தை இறந்ததும் மேரி கிப்ஸ் என்ற 24 வயதுப் பெண் பூங்கா ஆணையரானார். வெட்டிய மரங்களை மிதக்கவிடுவதற்காக அணை போட்டு நீரைத் தேக்கியதில் கரையோர மரங்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. அவர் நேரே அணைக்குப் போய் மதகைத் திறக்கச் சொன்னார். துப்பாக்கி காட்டி மிரட்டியும் பின்வாங்கவில்லை. அவர் பதவியில் இருந்தது சில மாதங்கள்தான், மரம் வெட்டுவதும் அதோடு நின்றுவிடவில்லை. ஆனாலும் இன்றைக்கு ஆறு தொடங்கும் இடத்திலுள்ள மையத்துக்கு அவர் பெயரை வைத்திருப்பது பொருத்தம்.

மரங்களுக்கு ஆபத்து இப்போது வேறு திசையிலிருந்து. செம்பைன் விதை முளைக்க வெறும் மண்ணும் வெயிலும் வேண்டும். முன்பெல்லாம் சிறு காட்டுத்தீ வந்து புதரை எரித்து அந்த இடத்தை உண்டாக்கியது. தடித்த பட்டை உள்ள பெரிய மரங்கள் தீயைத் தாங்கி நின்றன. தீயே வராமல் தடுத்ததால் இளைய தலைமுறை முளைக்காமல் போயிற்று. முளைத்த வெண்பைன் கன்றுகளின் நுனியையும் குளிர்காலத்தில் மான்கள் கடித்துவிடுகின்றன. அதனால் ஊழியர்களே அளவாகத் தீ வைத்து எரிக்கிறார்கள், கன்றுகளின் நுனியில் காகிதத்தை மடித்துப் பின் அடித்து வைக்கிறார்கள். கருகிய அடிமரத்தையோ காகிதத் தொப்பி போட்ட கன்றையோ பார்த்தால் காரணம் இதுதான்.

மத்தியானத்துக்கு மேல் வைல்டர்னஸ் டிரைவ். பத்து மைல் நீளமுள்ள ஒருவழிப் பாதை, வடக்கில் ஆரம்பித்து மேற்குப்புறமாகச் சுற்றித் தெற்கே டக்ளஸ் லாட்ஜ் பக்கம் முடிகிறது. சைக்கிளில் போகத் தெம்பிருந்தால் அதுவே மேல். தனிச் சைக்கிள் பாதையோடு சேர்த்தால் பதினாறு மைல் சுற்று, மேடுபள்ளம் நன்றாகவே உண்டு. வழியில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காட்டெருமை வேட்டையாடிய இடம், மிகப் பெரிய பைன் மரங்கள், எய்ட்டன் ஹைட்ஸ் தீக்காவல் கோபுரம் எல்லாம் உண்டு. கோபுரத்தின் உயரம் 100 அடி. மேலே ஏறினால் காடும் ஏரிகளும் அடிவானம் வரை தெரியும். காற்று பலமாக இருந்தாலோ மேகம் இருண்டாலோ ஏறாதீர்கள்.

உண்ணி, கொசு, அரிப்பு

இதைச் சொல்லாமல் விட முடியாது. மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். எள் அளவுதான் இருக்கும். வெளிர்நிற முழுக்கால் சட்டை போட்டு, சாக்ஸுக்குள் அதைச் செருகி, பாதையின் நடுவில் நடங்கள். துணிக்குப் பெர்மெத்ரின், தோலுக்கு 20 முதல் 30 சதவீதம் டீட் கலந்த பூச்சி விரட்டும் மருந்து. பெர்மெத்ரினைத் தோலில் தடவக் கூடாது. ஒவ்வொரு மாலையும் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், பிள்ளைகளின் தலைமுடி என்று தேடுங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள், எண்ணெயும் நெருப்பும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ வளையமாகப் பரவும் சிவப்போ வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். ஏரியில் குளித்து எழுந்ததும் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டால், நீரிலுள்ள நுண்ணிய ஒட்டுண்ணிகளால் வரும் அரிப்பும் குறையும்.

கிளம்பும் நாள்

சொந்தப் படகு கொண்டுவந்திருந்தால் கரையிலேயே பாசி, செடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடைப்பானைக் கழற்றி நீரை முழுக்க வடித்த பிறகுதான் சாலைக்கு வர வேண்டும். அடைப்பானைத் திறந்தபடியே ஓட்டுவது இங்கே சட்டம். வரிக்குதிரைச் சிப்பி மாதிரியான அந்நிய உயிர்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் படகு வழியாகத்தான் போகின்றன. மிச்சமான மீன் இரையைத் தண்ணீரில் கொட்டாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அடுப்புக் குழியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

திரும்பும்போது நேரமிருந்தால் வடக்கே 30 மைல் போய் பெமிட்ஜியைப் பார்க்கலாம். நீங்கள் நடந்து கடந்த அதே ஆறு அங்கே ஒரு பெரிய ஏரிக்குள் புகுந்து வெளியே வருகிறது. இந்தப் பக்கத்துக் கடைகளில் ஒஜிப்வே மக்கள் மனூமின் என்று சொல்லும் காட்டரிசி கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கனூவில் போய்க் கதிரைத் தட்டி அறுவடை செய்வது அது. வயலில் பயிரிட்டது கன்னங்கரேலென்று இருக்கும், வேக வெகு நேரம் ஆகும். ஏரியில் விளைந்தது பழுப்பு நிறம், அரை மணிக்குள் வெந்து மலரும். உறையில் கையால் அறுவடை செய்தது என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். வீட்டில் நெய், மிளகு, முந்திரி தாளித்துக் கிளறினால் அருமையாக இருக்கும்.